மெமரி கார்டு: ஸ்டுடியோ மேசையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் ஒரு சிறிய போட்டோ ஸ்டுடியோ நடத்துகிறேன். பாஸ்போர்ட் படம், கல்யாண ஆல்பம், தேயிலைப் பாக்கெட்டுக்கான படம் எல்லாம் உண்டு. ஆனால் மே மாத மலர்க் கண்காட்சி தொடங்கிவிட்டால் என் மேசைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் படம் எடுத்துக்கொள்ள வருவதில்லை. எடுத்த படத்தைத் தேடி வருகிறார்கள். உள்ளங்கையில் ஒரு மெமரி கார்டு, முகத்தில் கலவரம். ஒரே பதிலை நாளுக்கு ஐந்து முறை சொல்லி அலுத்துப்போய், கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே கேள்விகளைத் தொகுத்து வைத்தேன். மேலிருந்து கீழாகப் படியுங்கள். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கின்றன.

“அண்ணா, இதற்குள் படம் எங்கே இருக்கிறது? ஃபிலிம் மாதிரி உள்ளே ஏதாவது சுற்றுகிறதா?”

எதுவும் சுற்றவில்லை, அசையவும் இல்லை. நீலகிரிக்காரர்களுக்கு ஃபிலிம் புதிதல்ல. ஊட்டி இந்து நகரில் மத்திய அரசின் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலை இருந்தது. எச்.பி.எஃப். என்றால்தான் இங்கே யாருக்கும் புரியும். அங்கே செய்த ஃபிலிமில் வெள்ளி உப்புப் பூச்சு ஒளி பட்டு மாறியது, கழுவினால் படம் தெரிந்தது. கார்டைக் கழுவினாலும் சுரண்டினாலும் படம் தெரியாது. ஏனென்றால் அதில் இருப்பவை வெறும் எண்கள். கேமராவின் சென்சார் ஒளியை அளந்து எண்ணாக்குகிறது; அந்த எண்கள் சுழி, ஒன்று என்ற பிட்டுகளாகக் கார்டுக்குப் போகின்றன.

கார்டின் உள்ளே இருப்பது ஃபிளாஷ் நினைவகச் சில்லு. கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான சிற்றறைகள். ஒவ்வோர் அறையிலும் சில எலெக்ட்ரான்களை அடைத்து வைப்பதுதான் ‘எழுதுவது’. எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். 64 ஜிபி கார்டு என்றால் 6,400 கோடி பைட்டுகள், அதாவது 51,200 கோடி பிட்டுகள். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய பொருளுக்குள் அத்தனையும் அடங்குவதை இன்னும் என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. இதைக் கண்டுபிடித்தவர் தோஷிபா நிறுவனத்தில் இருந்த ஃபுஜியோ மசுவோகா, 1980களில். பெரிய பகுதியை ஒரே வீச்சில் அழிக்க முடிந்தது கேமராவின் ஃபிளாஷ் விளக்கை நினைவூட்டியதால் அந்தப் பெயர் வந்தது. பிறகு அது கேமராவுக்கே வந்து சேர்ந்தது பொருத்தம்தான்.

“பேட்டரியைக் கழற்றிவிட்டாலும் படம் அழியாதா? மின்சாரம் இல்லாமல் எப்படி நிற்கிறது?”

அழியாது. அந்தச் சிற்றறையைச் சுற்றி மின்சாரம் கடத்தாத மெல்லிய சுவர் இருக்கிறது. எழுதும்போது கூடுதல் மின்னழுத்தம் கொடுத்து எலெக்ட்ரான்களைச் சுவருக்குள்ளே தள்ளுகிறார்கள். அழுத்தத்தை எடுத்துவிட்டால் அவை வெளியே வர வழியில்லாமல் அங்கேயே தங்கிவிடுகின்றன. படிக்கும்போது, அறையில் எவ்வளவு மின்னூட்டம் தேங்கியிருக்கிறது என்று பார்த்தே சுழியா ஒன்றா என்று கார்டு சொல்கிறது.

பழைய சில்லுகளில் ஓர் அறைக்கு ஒரு பிட். இன்று விற்கும் பெரும்பாலான கார்டுகளில் ஓர் அறையில் மூன்று பிட்டுகள், சிலவற்றில் நான்கு. மூன்று பிட் வைக்க, மின்னூட்டத்தின் எட்டு அளவுகளைப் பிரித்தறிய வேண்டும். ஒரு டம்ளர் காலியா நிறைந்ததா என்று பார்ப்பது எளிது. எட்டில் எந்தக் கோடு வரை பால் இருக்கிறது என்று சொல்வது கடினம். கார்டு மலிவானதற்கும் மென்மையானதற்கும் இதுவே காரணம். இந்த டம்ளரை மறக்காதீர்கள், பின்னால் திரும்ப வரும்.

“64 ஜிபி என்று காசு கொடுத்தேன், கம்ப்யூட்டர் 59 என்கிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?”

இல்லை. கார்டு செய்கிறவர்கள் ஆயிரத்தால் பெருக்குகிறார்கள். விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. 6,400 கோடி பைட்டுகளை 1024-ஆல் மூன்று முறை வகுத்தால் 59.6 வரும். இரண்டுமே ஒரே கொள்ளளவு. படியும் லிட்டரும் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையிலேயே ஏமாற்றும் கார்டுகளும் இருக்கின்றன. அவற்றைப் பற்றித் தனியாக ஒரு கேள்வி வருகிறது.

“அப்பாவின் பழைய கேமராவில் என் புதுக் கார்டைப் போட்டால் ‘கார்டு பிழை’ என்கிறது. உருவம் ஒன்றுதானே?”

உருவம் ஒன்று, உள்ளிருக்கும் மொழி வேறு. நாம் பேசிக்கொண்டிருக்கும் இந்தக் கேமரா கார்டின் பெயர் எஸ்டி கார்டு. அது 1999-ல் அறிவிக்கப்பட்டது முதல் இன்று வரை 32 மில்லிமீட்டர் உயரம், 24 மில்லிமீட்டர் அகலம், 2.1 மில்லிமீட்டர் தடிமன். ஆனால் முதல் வகை 2 ஜிபி வரைதான். 2006-ல் வந்த எஸ்டிஎச்சி 32 ஜிபி வரை. 2009-ல் வந்த எஸ்டிஎக்ஸ்சி 2 டிபி வரை. அதற்கு மேலும் 128 டிபி வரை போகும் எஸ்டியுசி 2018-ல் அறிவிக்கப்பட்டது. புதுக் கேமரா பழைய கார்டை ஏற்கும். பழைய கேமராவுக்குப் புதுக் கார்டு புரியாது.

2006-க்கு முந்தைய கேமரா என்றால் 2 ஜிபி கார்டைத் தேடுங்கள். 2006 முதல் 2009 வரையிலான கேமரா என்றால் பெரும்பாலும் 32 ஜிபி வரை ஏற்கும். கையேட்டில் பார்த்துக்கொள்வது நல்லது. கையேடு எங்கே என்று கேட்டால் எல்லோரும் சிரிக்கிறார்கள்.

“கார்டின் மேல் பஞ்சாங்கம் மாதிரி இவ்வளவு எண்கள். எதைப் பார்த்து வாங்குவது?”

பெரிதாக அச்சிட்ட 170, 200 போன்ற எண்ணைப் பார்க்காதீர்கள். அது படிக்கும் வேகம், அதுவும் உச்சகட்டம். உங்கள் கேமராவுக்குத் தேவை எழுதும் வேகம், அதுவும் குறைந்தபட்சம். அதைச் சொல்பவை சிறிய குறிகள். சி என்ற எழுத்துக்குள் 10 இருந்தால் நொடிக்குக் குறைந்தது 10 எம்பி எழுதும். யு எழுத்துக்குள் 1 என்றாலும் அதே 10. யு3 என்றால் 30. வி எழுத்தோடு வரும் எண் அப்படியே வேகம்: வி30 என்றால் 30, வி60 என்றால் 60, வி90 என்றால் 90. படத்துக்கும் சாதாரண வீடியோவுக்கும் யு3 அல்லது வி30 தாராளம்.

ரோமன் எண்ணில் ஒன்று அல்லது இரண்டு அச்சாகியிருக்கும். அது சாலையின் அகலம். ஒன்று என்றால் நொடிக்கு 104 எம்பிதான் விதிப்படி உச்ச வரம்பு. இரண்டு என்றால் 312. கார்டைத் திருப்பிப் பாருங்கள். இரண்டாம் வகையில் பொன்னிறத் தொடுபுள்ளிகள் இரண்டு வரிசையாக இருக்கும். “ஒன்று என்று போட்ட கார்டில் 170 எப்படி?” என்று ஒரு கல்லூரிப் பையன் மடக்கினான். நல்ல கேள்வி. சில நிறுவனங்கள் விதியைத் தாண்டிய தங்கள் சொந்த வழியில் அந்த வேகத்தைக் காட்டுகின்றன. அதற்கு அவர்களே விற்கும் கார்டு ரீடர் வேண்டும். கேமராவில் அந்த 170 கிடைக்காது.

“மசினகுடிச் சாலையில் யானைக்குட்டி குறுக்கே ஓடியது. படபடவென எடுத்தேன், பாதியில் கேமரா உறைந்துவிட்டது. கார்டு போய்விட்டதா?”

கார்டு நன்றாகத்தான் இருக்கிறது. கேமராவுக்குள் பஃபர் என்ற ஒரு தற்காலிக இடம் உண்டு. படம் முதலில் அங்கே விழுந்து, அங்கிருந்து கார்டுக்கு வடிகிறது. 24 மெகாபிக்சல் ரா கோப்பு (சென்சார் அளந்ததைச் சுருக்கிக் குறைக்காமல் வைக்கும் கோப்பு) ஒன்று ஏறத்தாழ 30 எம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்குப் பத்துப் படம் என்றால் 300 எம்பி உள்ளே கொட்டுகிறது. கார்டு வாங்கிக்கொள்வதோ 60 எம்பி. தொட்டி நிறைந்ததும் கேமரா நின்று, வடியும் வரை காத்திருக்கிறது. யானை காத்திருப்பதில்லை.

வேகமான கார்டு உதவும்; ஆனால் கேமராவின் சாலை அகலமும் முந்தைய பதிலில் சொன்ன இரண்டாம் வகையாக இருந்தால்தான். இல்லையென்றால் கூடுதல் காசு வீண். அத்தகைய தருணத்தில், படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் முறைக்கு மாறினால் கோப்பு சிறுத்து, நீண்ட நேரம் ஓடும். இன்னொன்று, விரலை அழுத்திக்கொண்டே நிற்காமல் மூன்று நான்காக எடுங்கள். பழைய ஃபிலிம்காரன் சொல்கிறேன்: 36 படங்களில் ஒரு கல்யாணத்தின் முதல் நாளை முடித்திருக்கிறோம்.

“மலை ரயிலை மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை வீடியோ எடுத்தேன். ஒரே வீடியோ துண்டு துண்டாக இருக்கிறது. ஏன்?”

2 ஜிபிக்கு மேல் 32 ஜிபி வரையுள்ள கார்டுகள் ஃபேட்32 என்ற கோப்பு முறையில் அமைகின்றன. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. நொடிக்கு 100 மெகாபிட் என்ற தரத்தில் எடுத்தால், எட்டால் வகுத்து, நொடிக்கு 12.5 எம்பி. ஆறு நிமிடம் ஆகும் முன்பே 4 ஜிபி நிறைந்துவிடும். கேமரா சத்தமில்லாமல் அடுத்த கோப்பைத் தொடங்குகிறது. துண்டுகளை எடிட்டிங்கில் வரிசையாக வைத்தால் பொதுவாக இடைவெளியின்றி ஒட்டிக்கொள்ளும். 64 ஜிபி முதல் மேலே உள்ளவை எக்ஸ்ஃபேட் முறை. அங்கே இந்த வரம்பு இல்லை, இருந்தும் சில கேமராக்கள் பழக்கதோஷத்தில் துண்டாக்கும்.

இடத்தையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு வண்டி மேலே ஏறிக் குன்னூரில் இன்ஜின் மாற்றுவதற்குள் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். 128 ஜிபி கார்டு போதாது.

“சிம்ஸ் பார்க்கில் எடுத்த படங்களை என் மனைவி தவறுதலாக அழித்துவிட்டாள். திரும்ப வருமா?”

(மனைவியும் பக்கத்தில் நின்று, அழித்தது யார் என்பது குறித்து வேறு கருத்து வைத்திருந்தார்.) பெரும்பாலும் வரும், ஒரே ஒரு நிபந்தனை: அழித்த பிறகு அந்தக் கார்டில் ஒரு படம்கூட எடுக்கக் கூடாது. ஏன் என்று சொல்கிறேன். கார்டில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று படங்கள்; இன்னொன்று எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை. நீங்கள் ‘அழி’ என்று சொன்னால் கேமரா அட்டவணையில் மட்டும் ‘இந்த இடம் காலி’ என்று குறிக்கிறது. படம் அப்படியே கிடக்கிறது. கிராம நிர்வாக அலுவலகப் பதிவேட்டில் பெயரை அடித்துவிட்டால் நிலம் காணாமல் போய்விடுமா? ஆனால் காலி என்று குறித்த இடத்தில் அடுத்த படம் வந்து குடியேறிவிட்டால் பழையது போனதுதான்.

போட்டோரெக் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அது அட்டவணையைப் பார்ப்பதே இல்லை. ஜேபெக் கோப்பு தொடங்கும் அடையாளத்தைக் கார்டு முழுக்கத் தேடி எடுக்கிறது. அதனால் கோப்புப் பெயர்கள் திரும்ப வராது, படங்கள் வரும். மீட்டவற்றை அதே கார்டில் சேமிக்காதீர்கள், கம்ப்யூட்டரில் சேமியுங்கள். அந்தத் தம்பதியர் அழித்த பிறகும் மூன்று மணி நேரம் படகு இல்லத்தில் எடுத்துத் தள்ளியிருந்தார்கள். பாதிதான் கிடைத்தது. ஒரு படத்தில் அந்தப் பெண்ணின் நெற்றியும் கண்ணும் தெளிவாக இருக்கின்றன. மூக்குக்குக் கீழே சாம்பல் நிறப் பட்டை. அதையும் பிரிண்ட் போட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.

“ஃபார்மட் செய்தால் எல்லாம் சுத்தமாகிவிடும்தானே? கேமராவில் செய்வதா, கம்ப்யூட்டரில் செய்வதா?”

மேலே சொன்ன அட்டவணையைப் புதிதாக எழுதுவதே சாதாரண ஃபார்மட். ஆகவே தவறி ஃபார்மட் செய்தாலும் அதே மருந்துதான்: நிறுத்து, எடுக்காதே, போட்டோரெக். சில கேமராக்களில் ‘லோ லெவல் ஃபார்மட்’ என்று தனியாக ஒன்று இருக்கும். அது அறைகளையே காலிசெய்துவிடும். அதற்குப் பிறகு என்னிடம் வந்து பயனில்லை.

கேமராவிலேயே செய்யுங்கள். டிசிஐஎம் என்ற கோப்புறையும் அதற்குள் 100-லிருந்து 999 வரை எண்ணிட்ட துணைக் கோப்புறைகளும் வேண்டும் என்பது கேமரா நிறுவனங்கள் ஒப்புக்கொண்ட பொது விதி. அந்த ஏற்பாட்டைக் கேமரா தன் வசதிக்கேற்பச் செய்துகொள்ளும். ஒவ்வொரு வேலைக்கும் முன்பு, பழைய படங்கள் இரண்டு இடத்தில் இருப்பதை உறுதிசெய்த பிறகு, ஃபார்மட் செய்துகொள்வது என் வழக்கம். ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருப்பதைவிட இது நல்லது.

“சிவப்பு விளக்கு மினுக்கும்போது கார்டை எடுத்தால் என்ன ஆகும்? நான் நிறைய முறை எடுத்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லையே.”

ஹேர்பின் வளைவில் ஹாரன் அடிக்காமல் திரும்பியும் நிறைய முறை ஒன்றும் ஆகாமல் இருக்கும். ஃபிளாஷில் ஒரு விசித்திரம் உண்டு. எழுதுவது பக்கம் பக்கமாக, அழிப்பது தொகுதி தொகுதியாக. ஒரு தொகுதியில் நூற்றுக்கணக்கான பக்கங்கள். ஒரு பக்கத்தை மாற்ற வேண்டுமென்றாலும் நேராக அதன் மேல் எழுத முடியாது. கார்டுக்குள் கன்ட்ரோலர் என்ற ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் இருக்கிறது. அது புது இடத்தில் எழுதி, பழைய இடத்தைச் செல்லாததாக்கி, பிறகு சமயம் பார்த்துத் தொகுதியைத் துடைக்கிறது. இந்த இடமாற்றக் கணக்கையும் அதே ஃபிளாஷில்தான் அது வைத்திருக்கிறது.

அந்தக் கணக்கை எழுதும் நொடியில் மின்சாரத்தைப் பிடுங்கினால், ஒரு படம் மட்டும் போகாது. அட்டவணை அல்லது இடமாற்றக் கணக்கு குழம்பி முழுக் கார்டும் ‘படிக்க முடியவில்லை’ என்று நிற்கலாம். அட்டவணை கெட்டால் போட்டோரெக் காப்பாற்றும். கன்ட்ரோலரின் கணக்கு கெட்டால், சில்லைப் பிரித்துப் படிக்கும் ஆய்வகம்தான் கதி. அந்தச் செலவில் மறுபடி தேனிலவு போய் வரலாம். கம்ப்யூட்டரிலும் இதே கதைதான். ‘பாதுகாப்பாக அகற்று’ என்பதை அழுத்திவிட்டு எடுங்கள். திரையில் முடிந்ததாகக் காட்டினாலும் சில சமயம் பின்னால் எழுதிக்கொண்டிருக்கும்.

“கார்டிலிருந்து லேப்டாப்புக்கு ஏற்ற அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. கார்டு மந்தமா?”

கார்டைக் குறை சொல்லும் முன் வழியைப் பாருங்கள். கார்டு, ரீடர், கேபிள், லேப்டாப்பின் துளை, உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்க் என்று ஐந்து இடம். இவற்றில் மிக மெதுவானது எதுவோ அதுதான் மொத்த வேகம். பர்லியாறு பக்கம் ஒரு லாரி மூச்சுவாங்கினால் பின்னால் வரும் எந்தக் காரும் பறக்க முடியாதல்லவா? யுஎஸ்பி 2.0 ரீடர் காகிதத்தில் நொடிக்கு 480 மெகாபிட், கைக்கு வருவது 30 எம்பியை ஒட்டி. 64 ஜிபியை அதில் ஏற்றினால் 35 நிமிடம். அதே கார்டை யுஎஸ்பி 3.0 ரீடரில் போட்டு நொடிக்கு 90 எம்பி கிடைத்தால் 12 நிமிடம். ரீடர் வாங்கும் செலவு ஒரு ஆல்பம் அட்டைக்கு ஆகும் செலவைவிடக் குறைவு.

கேமராவையே கேபிளில் இணைத்து ஏற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பல கேமராக்களின் யுஎஸ்பி துளை மெதுவானது, போதாக்குறைக்குப் பேட்டரி பாதியில் தீர்ந்தால் மேலே சொன்ன விபத்துக்கு அருகே போய்விடுகிறீர்கள்.

“காப்பிக்குப் பதிலாகக் கட் செய்து ஒட்டினால் கார்டும் காலி, வேலையும் மிச்சம். சரிதானே?”

தவறு. வேறு டிஸ்குக்கு ‘கட்’ செய்வதென்றால் கம்ப்யூட்டர் ரகசியமாகச் செய்வது காப்பி எடுத்து, பிறகு மூலத்தை அழிப்பதுதான். நேரம் மிச்சமில்லை. நடுவில் மின்சாரம் போனால் (மழைக்காலத்தில் இங்கே போகாத நாள் எது?) எது போனது, எது வந்தது என்று குழப்பம். காப்பி எடுங்கள். எண்ணிக்கையும் மொத்த அளவும் இரண்டு பக்கமும் ஒன்றா என்று பாருங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். பிறகு ஃபார்மட்.

“இரண்டு கேமராவில் எடுத்த படங்களை ஒரே கோப்புறையில் போட்டேன். பாதிப் படம் காணவில்லை.”

இதில் எனக்கு அனுபவம் உண்டு. கோத்தகிரி பக்கம் ஒரு படுகர் கல்யாணம்; நானும் என் உதவியாளரும் ஆளுக்கொரு கேமரா, இரண்டும் ஒரே மாடல். கேமரா 0001-லிருந்து 9999 வரை எண்ணிட்டுவிட்டு மறுபடி 0001-க்கு வரும். புதுக் கார்டைப் போட்டால் எண் தொடர்வதா, முதலிலிருந்து தொடங்குவதா என்று மெனுவில் ஒரு தேர்வு உண்டு. எங்கள் இரண்டிலும் முதலிலிருந்து தொடங்கும்படி இருந்தது. முதல் கார்டைக் காப்பி எடுத்தேன். இரண்டாவதை அதே கோப்புறையில் போட்டபோது, ‘இதே பெயரில் கோப்புகள் உள்ளன, மாற்றி எழுதவா?’ என்று கம்ப்யூட்டர் கேட்டது. தூக்கக் கலக்கத்தில் ‘ஆம்’ என்றேன். வெள்ளை உடையில் வரிசையாக நின்ற அத்தனை பெரியவர்களும் போய், அந்த இடத்தில் சமையல் கூடம் வந்து உட்கார்ந்தது. முதல் கார்டை இன்னும் ஃபார்மட் செய்யாததால் பிழைத்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு கார்டுக்கும் தனிக் கோப்புறை. பெயரில் தேதியும் கேமரா எண்ணும்.

“கேமராவிலிருந்து ஃபோனுக்கு அனுப்பிவிட்டேன். இனிக் கார்டை அழிக்கலாமா?”

வேண்டாம். பல கேமராக்களின் செயலிகள் தானாக அனுப்பும்போது படத்தைச் சுமார் 2 மெகாபிக்சலுக்குச் சுருக்கிவிடும். ஃபோன் திரையில் அழகாகத்தான் இருக்கும். சுவரில் மாட்டும் அளவுக்குப் பெரிதாக்கினால் மூடுபனி இறங்கியது மாதிரி இருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது இன்னொரு முறை சுருக்கும். மூலம் கார்டில் இருக்கும் கோப்புதான்.

“தலைகுந்தாவில் உறைபனி எடுக்கப் போகிறோம். குளிரில் கார்டு கெட்டுவிடுமா?”

கார்டுகள் பொதுவாக உறைநிலைக்குக் கீழே 25 டிகிரி வரை வேலை செய்யும்படி செய்யப்படுகின்றன. ஜனவரி விடியலில் புல்வெளி வெளுத்துக் கிடக்கும்போது இங்கே சுழியை ஒட்டித்தான் இருக்கும். கார்டு தாங்கும், தாங்காதது பேட்டரி. உதிரிப் பேட்டரியைச் சட்டையின் உள்பையில் வையுங்கள்.

உண்மையான எதிரி திரும்பி வரும்போது காத்திருக்கிறது. சில்லிட்ட கேமராவை, அடுப்பு எரியும் அறைக்குள் கொண்டுவந்து, உடனே மூடியைத் திறந்து கார்டை உருவினால், அறையின் ஈரம் உள்ளே குளிர்ந்த உலோகத்தில் முத்து முத்தாகப் படியும். கேமராவைப் பையிலேயே மூடி வைத்து, ஒரு மணி நேரம் தேநீர் குடியுங்கள். மழையில் நனைந்த கார்டைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள்: துடைத்து, இரண்டு நாள் நிழலில் காயவைத்துப் போடுங்கள், பெரும்பாலும் வேலை செய்யும். ஈரத்தோடு மின்சாரம் கொடுப்பதுதான் கொல்லும். விமான நிலைய எக்ஸ்ரே, காந்தம் இரண்டுக்கும் பயப்படத் தேவையில்லை; ஃபிலிமுக்கும் ஃபிளாப்பிக்கும் இருந்த பயம் அது.

“பக்கவாட்டில் ஒரு குட்டிப் பூட்டு இருக்கிறது. போட்டுவிட்டால் வைரஸ் வராதா?”

அந்தப் பூட்டு கார்டின் சில்லோடு இணைந்திருக்கவே இல்லை. வெறும் பிளாஸ்டிக் நகர்வு. ரீடர் அதைப் பார்த்து மரியாதை கொடுத்தால் உண்டு. பொதுவாகக் கொடுக்கும், நம்பி உயிரை வைக்க வேண்டாம். ‘கார்டு பூட்டப்பட்டுள்ளது’ என்று கேமரா அடம்பிடித்தால், பூட்டு தேய்ந்து வழுக்குகிறதா என்று பாருங்கள்.

“ஃபோனின் மைக்ரோ கார்டை அடாப்டரில் போட்டுக் கேமராவில் பயன்படுத்தலாமா?”

அவசரத்துக்குப் பயன்படுத்தலாம். அடாப்டர் கம்பிகளை நீட்டித் தரும் ஒரு கூடு மட்டுமே, வேகத்தைக் கூட்ட அதில் ஒன்றும் இல்லை. ஆனால் தொடுபுள்ளிகள் இரட்டிப்பாகின்றன. தூசியும் தளர்வும் இரட்டிப்பு. கல்யாண வேலைக்கு நான் போடுவதில்லை.

“ஆன்லைனில் 2 டிபி கார்டு ஐந்நூறு ரூபாய். முதல் இருநூறு படம் நன்றாக இருந்தது, பிறகு எல்லாம் கறுப்பு.”

மூன்றாவது கேள்வியில் தள்ளிவைத்தது இதுதான். கார்டு எவ்வளவு பெரியது என்று கேமராவுக்குச் சொல்வது கன்ட்ரோலர். அதைப் பொய் சொல்ல வைக்கலாம். உள்ளே 8 ஜிபி சில்லு, வாயில் 2 டிபி. அட்டவணை கார்டின் தொடக்கத்தில் இருப்பதால் கோப்புப் பெயர்கள் வரிசையாகத் தெரியும். உண்மையான இடம் தீர்ந்த பிறகு வந்த படங்களோ எங்கும் எழுதப்படவில்லை, அல்லது பழையவற்றின் மேலேயே எழுதப்பட்டன. எழுதப்படாததை போட்டோரெக்காலும் மீட்க முடியாது.

புதுக் கார்டு வாங்கியதும், படம் எடுக்கும் முன்பே, முழுக்க நிரப்பித் திரும்பப் படித்துப் பாருங்கள். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3, இரண்டும் இலவசம். 64 ஜிபிக்குச் சில மணி நேரம்கூட ஆகலாம். இரவில் ஓடவிட்டுத் தூங்குங்கள். பெரிய பெயர் அச்சிட்ட உறையும் போலியாக இருக்கும் காலம் இது, ஆகவே பெயரைப் பார்த்து இந்தச் சோதனையை விட்டுவிடாதீர்கள்.

“ஒரு கார்டை எத்தனை முறை அழித்து எழுதலாம்?”

எழுதி அழிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த மெல்லிய சுவர் கொஞ்சம் தேய்கிறது. அறைக்கு மூன்று பிட் வகையில் சில நூறு முதல் சில ஆயிரம் முறை தாங்கும். குறைவாகத் தோன்றும், ஆனால் கன்ட்ரோலர் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதாமல் எல்லா அறைகளுக்கும் முறைவைத்துப் பகிர்கிறது. வாரம் ஒரு முறை 64 ஜிபியை நிரப்பினாலும் ஆண்டுக்கு 52 முறைதான். அதற்குள் நீங்கள் அதைத் தொலைத்துவிடுவீர்கள். என் மேசையில் செத்துக் கிடந்த கார்டுகளில் தேய்ந்து செத்தது எதுவும் இல்லை. விளிம்பு பிளந்தவை, சலவையில் போனவை, அவசரமாகப் பிடுங்கப்பட்டவை. விதிவிலக்கு, இரவும் பகலும் எழுதும் கண்காணிப்புக் கேமரா. அதற்கென்றே தனி வகைக் கார்டு விற்கிறார்கள்.

“2018-ல் கொடைக்கானலில் குறிஞ்சி பூத்தபோது எடுத்த கார்டை அப்படியே பீரோவில் வைத்திருக்கிறேன். 2030-ல் அடுத்த பூப்போடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இருக்கும்தானே?”

இன்றே எடுத்துக் காப்பி செய்யுங்கள். டம்ளர் நினைவிருக்கிறதா? சுவர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் எலெக்ட்ரான்கள் ஆண்டுக்கணக்கில் மெல்லக் கசியும். எட்டு கோடுகளில் ஒரு கோடு இறங்கினாலே எண் மாறிவிடும். கொஞ்சம் மாறினால் கார்டு தன் பிழைதிருத்தக் கணக்கை வைத்துச் சரிசெய்துகொள்ளும்; அதிகமானால் கைவிரித்துவிடும். தேய்ந்த கார்டில் கசிவு அதிகம், வெப்பத்தில் அதிகம். மலைக்குளிர் இந்த ஒரு விஷயத்தில் நமக்குச் சாதகம். அதை நம்பிப் பன்னிரண்டு ஆண்டு விட முடியாது.

ஒரு ஹார்டு டிஸ்க், அதற்கு ஒரு நகல், முடிந்தால் மூன்றாவது நகல் வேறு ஊரில் உறவினர் வீட்டில் அல்லது இணையச் சேமிப்பில். நிலச்சரிவும் வெள்ளமும் தெரிந்த மாவட்டக்காரர்களுக்கு ‘வேறு ஊர்’ ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. எச்.பி.எஃப். ஃபிலிமில் என் தாத்தாவை எடுத்த நெகட்டிவ் இன்னும் என்னிடம் இருக்கிறது, எந்த மென்பொருளும் இல்லாமல் ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தால் முகம் தெரிகிறது. கார்டிடம் அதை எதிர்பார்க்காதீர்கள்.

“என் கேமராவில் இரண்டு கார்டுத் துளைகள். ஒன்று நிறைந்ததும் அடுத்தது என்று வைத்திருக்கிறேன். சரியா?”

சுற்றுலாவுக்குச் சரி. திரும்ப எடுக்க முடியாத நிகழ்ச்சிக்குத் தவறு. மெனுவில் ஒரே படத்தை இரண்டிலும் எழுதும் தேர்வு இருக்கும். தாலி கட்டும் நேரத்தில் அதுதான் இருக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: இரண்டில் மெதுவான கார்டின் வேகத்துக்குக் கேமரா இறங்கிவிடும், யானைக்குட்டிக் கேள்வியில் சொன்ன தொட்டி சீக்கிரம் நிறையும். இரண்டும் ஒரே தரத்தில் வாங்குங்கள்.

“பழைய கார்டைத் தூக்கிப் போடப் போகிறேன். குடும்பப் படங்களை யாரும் தோண்டி எடுக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?”

அழிப்பதும் சாதாரண ஃபார்மட்டும் போதாது என்று மேலேயே பார்த்தோம். கேமராவில் லோ லெவல் ஃபார்மட் செய்யுங்கள். இல்லையென்றால் போலிக் கார்டைச் சோதிக்கச் சொன்ன அதே மென்பொருளால் முழுக் கார்டையும் குப்பைத் தரவால் நிரப்புங்கள். சாதாரண ஆளுக்கு அது போதும். கன்ட்ரோலர் தன் இடமாற்ற வேலைக்காகக் கொஞ்சம் அறைகளை மறைத்து வைத்திருக்கும், அங்கே பழைய துணுக்குகள் மிஞ்சலாம். அந்த அளவுக்கு அஞ்சுகிறவர்கள் உடைத்துவிடுவது மேல்.

உடைக்கும்போது ஓரத்தை மடக்கினால் பிளாஸ்டிக் மட்டும்தான் பிளக்கும். போன மாதம் என் மேசையிலேயே ஒரு கார்டைக் கத்தியால் பிளந்து காட்டினேன். பாதிக்கு மேல் காலி. தொடுபுள்ளிகள் இருக்கும் பக்கத்தில் மட்டும் கறுப்பாக ஒரு சிறு வில்லை ஒட்டியிருந்தது. குறட்டால் அதை இரண்டாக நொறுக்க வேண்டும்.